இடது விளக்கின் அவசரம்

டிக்டிக்டிக்டிக்.

ஃபெர்ரியிலிருந்து கார் இறங்கிச் சரிவில் ஏறியது. நெடுஞ்சாலை முனையில் இடப்பக்கம் திரும்ப வெர்னா இண்டிகேட்டரைத் தட்டினாள். எனக்கு முதல் சந்தேகம் வந்தது அந்த விநாடியில்தான். டாஷ்போர்டில் பச்சை அம்பு கோழி தீனி கொத்துகிற வேகத்தில் அடித்துக்கொண்டிருந்தது.

"வலதைப் போடு," என்றேன்.

போட்டாள். டிக்... டிக்... டிக். நிதானமாக, மரியாதையாக.

"இப்ப இடது."

டிக்டிக்டிக்டிக்.

"நீ பல்பு மாத்தின நாள்லேர்ந்து அது அப்படித்தான் அடிக்குது, லோவெல்," என்றாள் வெர்னா. "நல்லா சுறுசுறுப்பா இருக்கேன்னு நினைச்சேன்."

மணி ஒன்பது ஐந்து. பத்தரைக்கு அவளுக்கு லைசென்ஸ் டெஸ்ட்.

வெர்னா என் அண்ணன் ஆல்டனின் மனைவி. வயது ஐம்பத்தெட்டு. பதின்மூன்று வயதிலிருந்து கார் ஓட்டுகிறாள். லைசென்ஸ் மட்டும் வாங்கவில்லை, ஏனென்றால் எங்கள் கிரிண்டல் தீவில் யாரும் அதைக் கேட்டதில்லை. தீவு முழுக்க ஏழு மைல் சாலை. போலீஸ் கிடையாது. கதவு இல்லாத காரும் ஓடும், கண்ணாடி இல்லாத காரும் ஓடும். இண்டிகேட்டர் என்ற ஒன்றை அங்கே எவரும் தொடுவதில்லை. எதிரே வருகிற வண்டி எங்கே திரும்பப் போகிறது என்பது வண்டியைப் பார்த்தாலே தெரிந்துவிடும். அதையும் விளக்குப் போட்டுச் சொன்னால், என்னை உனக்குத் தெரியாதா என்று கேட்பது போல ஆகிவிடும்.

ஆனால் கடல் தாண்டி இந்தக் கரையில் கதை வேறு. ஆல்டனுக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. சர்க்கரையில் கண்ணும் மங்கி, அவனுடைய லைசென்ஸும் போனது. வாரத்தில் மூன்று நாள், திங்கள், புதன், வெள்ளி, முதல் ஃபெர்ரியில் கரைக்கு வந்து, அங்கிருந்து நாற்பது நிமிஷம் காரில் போய் டயாலிசிஸ் செய்துகொள்ள வேண்டும். மார்ச்சிலிருந்து கரை மாதா கோயிலைச் சேர்ந்த ஹார்லன் என்கிற பெரியவர் துறையில் காத்திருந்து அழைத்துப் போனார். அவர் குளிருக்குப் பயந்து வருஷா வருஷம் ஃப்ளோரிடாவுக்குப் போகிறவர். இந்தச் சனிக்கிழமை கிளம்புகிறார். இனி மார்ச்சில்தான் வருவார்.

அவருக்குப் பதில் யாரும் கிடைக்கவில்லை. மருத்துவமனையில் கிரெட்சன் என்ற பெண் நல்ல மனசோடு ஓர் ஏற்பாடு செய்து வைத்திருந்தாள். பக்கத்திலேயே ஒரு பராமரிப்பு இல்லம், அதில் ஒரு படுக்கை. திங்கட்கிழமையிலிருந்து காலி.

ஆல்டன் அதற்குப் பதில் சொன்னபோது நான் அங்கே இருந்தேன். சமையலறை நாற்காலியில் உட்கார்ந்து, குரலை ஏற்றாமல் சொன்னான். "தீவை விட்டு என்னைக் கிளப்பினா அந்த ஊசியே எனக்கு வேண்டாம்." டயாலிசிஸ் ஊசி இல்லையென்றால் உயிர் இரண்டு வாரம்தான் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆல்டன் ஒன்றைச் சொல்லிவிட்டு மாற்றிக்கொண்டதை நான் ஐம்பத்தொரு வருஷத்தில் பார்த்ததில்லை.

ஹார்லன் வர முடியாத ஒரு நாள் லைசென்ஸ் இல்லாமலே வெர்னா ஓட்டிப் பார்த்தாள். அது ஜூலை. ரோந்து போலீஸ்காரர் நிறுத்தினார். இன்னொரு தடவை பார்த்தால் காரைப் பிடித்து வைத்துக்கொள்வேன் என்று சிரித்துக்கொண்டே சொல்லி அனுப்பினார். அன்றே மனுப் போட்டாள். பதின்மூன்று வாரம் கழித்து இன்றைய தேதி கிடைத்தது.

எனக்கு லைசென்ஸ் இருக்கிறது. அதை நான் யாருக்கும் நினைவுபடுத்தவில்லை. அக்டோபர், நவம்பர் இரண்டும்தான் சிங்கி இறால் நிறைய ஏறுகிற மாதங்கள். என் கூடுகள் எண்ணூறு கடலுக்கு அடியில் கிடக்கின்றன. வாரத்தில் மூன்று நாள் படகை எடுக்கவில்லையென்றால் வருஷமே போனது. அதனால் நான் வேறு உதவி செய்தேன். ஆல்டனின் எண்பத்தொன்பதாம் வருஷத்து ஸ்டேஷன் வேகனை டெஸ்டுக்குத் தயார் செய்து கொடுத்தேன். பிரேக் பார்த்தேன். ஹாரனைப் பேச வைத்தேன். செத்துப்போயிருந்த இடது பின் இண்டிகேட்டருக்குப் பல்பு போட்டேன். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சாவியைக் கொடுத்தேன்.

டிக்டிக்டிக்டிக்.

"ஓரமா நிறுத்து," என்றேன்.

துறையைச் சுற்றி மூடுபனி இன்னும் விலகவில்லை. வெர்னாவை உள்ளே உட்கார வைத்து, இடது இண்டிகேட்டரைப் போடச் சொல்லி முன்னால் போய்ப் பார்த்தேன். எரிந்தது. பின்னால் போய்ப் பார்த்தேன். எரிந்தது. பல்பில் குற்றமில்லை என்று அங்கேயே தீர்ப்பு எழுதிவிட்டேன். தப்பு அங்கே ஆரம்பித்தது.

அடுத்து என் சந்தேகம் உப்பின் மேல் போனது. எங்கள் கார்களை முதலில் தின்பது உப்புதான். பின் விளக்கிலிருந்து உடம்புத் தகட்டுக்குப் போகிற எர்த் வயரைத் தேடிப் பிடித்தேன். முனை பச்சை பூத்திருந்தது. இரை வெட்டுகிற கத்தியால் பளபளவென்று சுரண்டி முறுக்கினேன். பத்து நிமிஷம் போனது.

டிக்டிக்டிக்டிக்.

பிறகு ஃப்ளாஷர். இண்டிகேட்டரை விட்டு விட்டு எரிய வைக்கிற சின்ன டப்பா அது. டாஷ்போர்டுக்கு அடியில் தலைகீழாக நுழைந்தால்தான் கைக்கு எட்டும். கால்கள் இரண்டும் கதவுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்க, தலை பிரேக் மிதிக்குப் பக்கத்தில், டப்பாவை உருவினேன். துடைத்தேன். தட்டினேன். திரும்பச் செருகினேன்.

"எனக்குத்தானே டெஸ்ட்?" என்று மேலேயிருந்து குரல் வந்தது. "நீ ஏன் கார் கிட்ட மன்னிப்புக் கேட்டுட்டு இருக்க?"

"போட்டுப் பாரு."

டிக்டிக்டிக்டிக்.

இடது பக்கம் திரும்பாமலே டெஸ்ட் கொடுக்க முடியுமா என்று கேட்டாள். விளையாட்டாகத்தான் கேட்டாள். முதலில் காரைச் சோதித்துவிட்டுத்தான் ஆளையே சோதிப்பார்கள் என்றேன். அதற்கப்புறம் அவள் விளையாடவில்லை.

ஒன்பது நாற்பதுக்கு உதிரி பாகக் கடை. கவுண்டரில் பல்குச்சியைக் கடித்தபடி ஓர் ஆள். விஷயத்தைச் சொன்னேன். நான் முடிப்பதற்குள் பதில் வந்துவிட்டது.

"வேகமா அடிச்சா, ஒரு பல்பு செத்துப்போச்சுன்னு கார் நினைக்குது."

எல்லாம் எரிகிறது, நானே பார்த்தேன் என்றேன். என்ன நம்பர் பல்பு என்று கேட்டான். நான் போட்ட பல்புதான், கச்சிதமாக உட்கார்ந்தது, எரிகிறது, நம்பர் எதற்கு என்றேன். அவன் பல்குச்சியை இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்கு மாற்றினான். என்னை ஒரு தரம் பார்த்தான். அப்படியானால் ஃப்ளாஷராகத்தான் இருக்கும் என்று அலமாரிப் பக்கம் திரும்பினான்.

புது ஃப்ளாஷர். மறுபடி தலைகீழ். மறுபடி பிரேக் மிதி.

டிக்டிக்டிக்டிக்.

மணி பத்து இரண்டு. டெஸ்ட் நடக்கிற ஆபீஸுக்கு இன்னும் இருபது நிமிஷ ஓட்டம். கிளம்பினோம். வழியில் ஐந்து இடது திருப்பங்கள். ஐந்திலும் அந்தச் சத்தம் எங்கள் இருவருக்கும் நடுவே உட்கார்ந்து வந்தது. பாதி வழியில் பனி விலகி வெயில் அடித்தது. வெர்னா அழகாகத்தான் ஓட்டினாள். கண்ணாடி பார்த்தாள், வேகம் பார்த்தாள், குறுக்கே வந்த மானுக்கு முன்னால் சிரமமே இல்லாமல் நின்றாள். அவளுக்கு ஓட்டத் தெரியுமா என்பது ஒரு கேள்வியாகவே இருந்ததில்லை.

பத்து இருபத்துநாலுக்கு ஆபீஸ் வாசல்.

டெஸ்ட் எடுக்கிறவர் பெயர் தீபோடோ. உயரமான பெண், மஞ்சள் சட்டை, கையில் அட்டை. வெர்னாவின் காகிதத்தைப் பார்த்தார். ஹாரன் அடிக்கச் சொன்னார். பிரேக் விளக்கு. வலது இண்டிகேட்டர். எல்லாவற்றுக்கும் ஒரு கோடு போட்டார். இடது. கண்ணைச் சுருக்கினார். இன்னொரு முறை போடச் சொன்னார். பிறகு ஜன்னலுக்கு வந்தார்.

"ரொம்ப வேகமா அடிக்குது. அதுகூடப் பரவாயில்ல. பின்னாடி எரியுதா இல்லையான்னே வெயில்ல தெரியல."

நான் இறங்கிப் பின்னால் ஓடினேன்.

வலது விளக்கு முட்டையின் மஞ்சள் கரு மாதிரி பளிச்சென்று இருந்தது. இடது விளக்கு அணைந்துகொண்டிருக்கிற சிகரெட் நுனி. துறையில் மூடுபனிக்குள் நின்று பார்த்தபோது இந்த வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை. எரிகிறதா என்று மட்டும் பார்த்தேனே தவிர, எப்படி எரிகிறது என்று பார்க்கவில்லை.

மூடியைக் கழற்றினேன். நான் கிரீஸ் தடவிப் பூட்டிய திருகுகள், சுலபமாக வந்தன. பல்பைத் திருகி எடுத்து உள்ளங்கையில் வைத்தேன். சின்னப் பையன்கள் விளையாடுகிற கோலிக்குண்டு அளவு.

என் படகு பல்பு.

படகு அறைக்குள் கடல் வரைபடம் பார்க்க வைத்திருக்கிற குட்டி விளக்கின் பல்பு அது. அடிப்பாகம் கார் பல்பைப் போலவே இருக்கும், அதே குழியில் அப்படியே உட்காரும். ஆனால் சக்தி மூன்றில் ஒரு பங்கு. கொட்டகையில் டப்பாவைத் துழாவினேன், பொருந்தியது, போட்டேன். தீவில் எல்லோரும் அப்படித்தான். என் வீட்டுக் கழிவறைத் தாழ்ப்பாள் படகிலிருந்து வந்தது. பக்கத்து வீட்டுக்காரன் ராய்ஸின் கார் ரேடியேட்டர் குழாய் படகிலிருந்து வந்தது. பொருந்தினால் போதும், அடுத்த கேள்வி கிடையாது.

கார் அடுத்த கேள்வி கேட்டிருக்கிறது. இடது பக்கம் போகிற மின்சாரம் குறைவாக இருக்கிறதே, அங்கே ஒரு பல்பு செத்துப்போயிற்று, யாராவது பாருங்கள் என்று முதல் நாளிலிருந்து கத்திக்கொண்டிருந்திருக்கிறது. நானோ எரிகிற பல்பைத் தவிர எல்லாவற்றையும் சுரண்டிக்கொண்டிருந்தேன்.

"என்ன?" என்றாள் வெர்னா.

காட்டினேன். அவளும் மீனவன் மனைவிதான். பார்த்த மாத்திரத்தில் புரிந்தது. பல்பை என் கையிலேயே திருப்பி வைத்தாள். திட்டியிருந்தால் தேவலை.

மணி பத்து முப்பத்தொன்று. பத்து நாற்பதுக்குள் சரியானால் எடுத்துக்கொள்கிறேன், பதினொன்றுக்கு அடுத்த ஆள் என்றார் தீபோடோ. கடை இருபது நிமிஷம் பின்னால் இருக்கிறது.

அப்போதுதான் மூளை வேலை செய்தது. ரிவர்ஸ் விளக்கு. இந்த வேகனில் பின்னோக்கிப் போகும்போது எரிகிற வெள்ளை விளக்குக்கும் இதே ரக பல்புதான். அசல் கார் பல்பு. அரை அடி தள்ளி இருக்கிறது. அதை உருவி இதில் போட்டால் முடிந்தது கதை.

முதல் திருகு முனகிக்கொண்டே வந்தது. இரண்டாவது வரவில்லை. முப்பத்தாறு வருஷம் யாரும் தொடாத திருகு, அதன் மேல் முப்பத்தாறு வருஷத்து உப்பு. திருப்புளி வழுக்கியது. தலையில் இருந்த பள்ளம் தேய்ந்து வழவழப்பானது. பத்து முப்பத்தாறு. கத்தி முனையை விட்டு நெம்பினேன். பத்து முப்பத்தெட்டு. இன்னும் கொஞ்சம் அழுத்தினேன். மூடி சடக்கென்று மூன்று துண்டாக உடைந்தது. ஒரு துண்டு என் கட்டை விரலைப் பதம் பார்த்தது.

பல்பு முழுசாக இருந்தது.

ரத்தம் ஒழுகுகிற விரலால் அதைப் பிடித்தேன். வழுக்கியது. சட்டையில் துடைத்துவிட்டு மறுபடி பிடித்தேன். இடது இண்டிகேட்டர் குழியில் வைத்து அழுத்தித் திருகினேன். உட்காரவில்லை. குழிக்குள் நான் தாராளமாக அப்பி வைத்திருந்த கிரீஸ். விரலை விட்டு வழித்து எறிந்தேன். மறுபடி அழுத்தினேன். உட்கார்ந்தது.

"போடு."

டிக்... டிக்... டிக்.

கடிகாரம் போல. முட்டையின் மஞ்சள் கரு போல. அவ்வளவு நல்ல சத்தத்தை நான் அதற்கு முன் கேட்டதில்லை.

மணி பத்து நாற்பத்தாறு.

தீபோடோ வந்து பார்த்தார். இரண்டு பக்கமும் போடச் சொல்லிப் பார்த்தார். தலையசைத்தார். பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"விளக்கு சரியாயிடுச்சு. ஆனா இருபது நிமிஷ டெஸ்டை நான் பதினாலு நிமிஷத்துல எடுக்க முடியாது. பாதி ரோட்டைப் பார்த்துட்டு பாஸ் போட எனக்கு அதிகாரம் இல்லை."

வெர்னா ஆல்டனைப் பற்றிச் சொன்னாள். கெஞ்சவில்லை. திங்கட்கிழமை, படுக்கை, அவன் சொன்ன வார்த்தை, எல்லாவற்றையும் வரிசையாக, ஃபெர்ரி நேரம் சொல்வது போலச் சொன்னாள். தீபோடோ முழுக்கக் கேட்டார். அட்டையில் மீதி நாளின் பெயர்களைப் புரட்டிப் பார்த்தார். யாராவது வராமல் போனால் அந்த இடத்தை உங்களுக்குத் தருகிறேன், காத்திருங்கள் என்றார். பதினொரு மணிக்கு வந்தவளின் புதுக் காரில் ஏறிப் போனார்.

காத்திருந்தோம்.

கடைசி ஃபெர்ரி நாலரைக்கு. மூன்றரைக்குள் வரிசையில் நிற்காவிட்டால் காருக்கு இடம் கிடைக்காது. அதாவது இங்கிருந்து இரண்டே முக்காலுக்குக் கிளம்ப வேண்டும். அதற்கு நடுவில் ஏழு டெஸ்ட். ஏழில் ஒருவருக்கு வயிற்று வலி வரக்கூடாதா? ஒருவர் தூங்கிவிடக்கூடாதா? மேற்கூரை இல்லாத வாகன நிறுத்தத்தில் உட்கார்ந்து, முகம் தெரியாத ஏழு பேருக்குக் கெடுதல் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பதினொன்றரைக்கு வந்தவன் பத்து நிமிஷம் முன்னதாகவே வந்தான். பன்னிரண்டுக்கு வந்த பெண் குடும்பத்தோடு வந்தாள். ஒரு மணி, ஒன்றரை, இரண்டு. ஒருவர் பின் ஒருவராக வந்தார்கள், போனார்கள். ஒருத்தி பாஸாகி வந்து தன் அப்பாவைக் கட்டிக்கொண்டாள். வெர்னா ரொட்டியும் டூனாவும் பாதி பிரித்து எனக்குக் கொடுத்தாள். தன் பாதியை அவள் தின்னவில்லை.

"ஆல்டனுக்கு போன் பண்ணட்டுமா?" என்றேன்.

"என்னன்னு சொல்லுவ?"

என் பாதி ரொட்டியைத் தின்றேன்.

இரண்டரை. யாரும் வரவில்லை.

தீபோடோ வெளியே வந்து சாலையைப் பார்த்தார். இரண்டு முப்பத்திரண்டு. விதிப்படி பத்து நிமிஷம் காத்திருக்க வேண்டும் என்றார். வெர்னா காரில் ஏறி உட்கார்ந்தாள். பெல்ட் போட்டாள். கண்ணாடியைத் திருத்தினாள். இரண்டு முப்பத்தைந்து. தலைமுடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கினாள். இரண்டு முப்பத்தேழு. நான் சாலையைப் பார்க்கவில்லை. பார்த்தால் ஏதாவது வந்துவிடும் என்று தோன்றியது. இடத்தைக் கொடுத்துவிட்டால் கடைசிப் படகு போனால் போகட்டும், காரிலேயே தூங்கிக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டேன். இரண்டு முப்பத்தெட்டு. தீபோடோ பேனாவை எடுத்து அட்டையில் வெர்னாவின் காகிதத்தை மேலே வைத்தார்.

இரண்டு முப்பத்தொன்பதுக்கு ஒரு நீளமான பழுப்பு நிறக் கார், நத்தை மாதிரி ஊர்ந்து வளாகத்துக்குள் வந்தது.

அதிலிருந்து இறங்கியவருக்கு எண்பதுக்கு மேல் இருக்கும். பூனை வெளியே ஓடிவிட்டது, அதைப் பிடித்து உள்ளே விட்டுவிட்டு வர நேரமாகிவிட்டது என்று எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டார். வயதானவர்களை மறுபடி டெஸ்டுக்குக் கூப்பிடுகிறார்கள் அல்லவா, அப்படி வந்தவர். வெர்னா பெல்ட்டைக் கழற்றினாள்.

எனக்குப் பொறுக்கவில்லை. அவரிடம் போனேன். ஒரு நாள் தள்ளிப் போட்டுக்கொள்ள முடியுமா, இந்த அம்மாவின் புருஷன் உயிர் இதில் இருக்கிறது என்றேன். அவர் தொப்பியைக் கழற்றி வெர்னா பக்கம் பார்த்தார். பார்த்துக்கொண்டே சொன்னார்.

"என் பெண்டாட்டிக்கு நடக்க முடியாது, தம்பி. இன்னியோட என் லைசென்ஸ் முடியுது. அவளுக்கு மருந்து வாங்க வேற யாரும் இல்லை."

போய்வாருங்கள் என்றேன். போகும்போது அவர் இண்டிகேட்டர் போட்டுத்தான் திரும்பினார்.

ஆபீஸ் ஜன்னலில் அடுத்த தேதி கேட்டோம். ஒருவர் ரத்துச் செய்த இடம் நவம்பர் இருபதில் இருந்தது. அதை விட்டால் ஜனவரி. நவம்பர் இருபதை எழுதிக்கொண்டோம். நடுவில் பதினோரு டயாலிசிஸ்.

ஃபெர்ரி வரிசையில் எங்களுக்கு முன்னால் ஒரு கேஸ் லாரி, பின்னால் மரம் ஏற்றிய ஒரு வண்டி. படகு இன்னும் வரவில்லை. மூன்று ஐம்பதுக்கு வெர்னாவின் போன் அடித்தது. கிரெட்சன்.

வெர்னா கேட்டுக்கொண்டிருந்தாள். "ஃபெயில் ஆகல. டெஸ்டே நடக்கல," என்றாள். "நவம்பர் இருபது," என்றாள். கடைசியில் போனைக் காதிலிருந்து எடுத்து, திரையைக் கையால் மூடிக்கொண்டாள்.

"திங்கட்கிழமைலேர்ந்து யார் ஓட்டறாங்கன்னு ஒரு பேர் வேணுமாம். நாலு மணிக்குள்ள. இல்லைன்னா அந்தப் படுக்கைக்கு ஆல்டன் பேரை எழுதிடுவாங்களாம்."

நான் தண்ணீரைப் பார்த்தேன்.

"உன்னைக் கேக்கல, லோவெல். அவ சொன்னதைச் சொல்றேன்."

அது உண்மை. இந்த ஏழு மாதத்தில் ஒரு தடவைகூட அவள் என்னைக் கேட்டதில்லை. கேட்டிருந்தால் ஏதாவது ஒரு காரணம் சொல்லித் தப்பித்திருப்பேன். கேட்காதவளிடம் என்ன காரணம் சொல்வது?

போனை வாங்கினேன். என் பெயரைச் சொன்னேன். எழுத்துக் கூட்டிச் சொன்னேன். பர்ஸிலிருந்து லைசென்ஸை எடுத்து அதிலிருந்த எண்ணைப் படித்தேன். விரலில் காய்ந்த ரத்தம் அட்டையில் ஒட்டியது.

"பதினோரு தடவையும் நீங்களேவா?" என்று கேட்டாள் கிரெட்சன். மென்மையான குரல். "ஒரு தடவை தவறினாலும் அவர் உடம்பு தாங்காது. அதனாலதான் கேக்கறேன்."

"பதினோரு தடவையும்."

"மழை, காத்து, எதுவா இருந்தாலும்?"

"ஆமா."

போனைத் திருப்பிக் கொடுத்தேன். வெர்னா அதை மடியில் வைத்துக்கொண்டாள். கேஸ் லாரிக்காரன் கீழே இறங்கி, சிகரெட் பற்ற வைத்து, காற்று எந்தப் பக்கம் என்று வானத்தைப் பார்த்தான். புதன்கிழமை தென்கிழக்குப் புயல் என்று அவன் வண்டி ரேடியோவில் ஓடிக்கொண்டிருந்தது. தென்கிழக்கு அடித்தால் ஆழம் குறைந்த பக்கம் கிடக்கிற என் முந்நூறு கூடுகளைப் பாறையில் மோதிச் சுக்குநூறாக்கும். அதற்குள் கிடைக்கிற நாட்களில் முந்நூறையும் ஒற்றை ஆளாகத் தூக்கிக் கரை சேர்த்து முடிக்க முடியாது. புதன் விடிந்ததும் நான் கடலில் இருக்க வேண்டும். புதன் விடிந்ததும் நான் இதே துறையில், ஆல்டனைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு இருக்க வேண்டும்.

வெர்னாவும் ரேடியோவைக் கேட்டாள். அவளுக்குக் கூட்டிக் கழித்துச் சொல்ல வேண்டியதில்லை.

"அவகிட்ட நிஜமாத்தான் சொன்னியா?"

"தெரியல, வெர்னா."

அவள் தலையாட்டினாள். கோபம் இல்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

படகு வந்து கதவைத் தாழ்த்தியது. எங்கள் ஃபெர்ரியில் காரைப் பின்னோக்கித்தான் ஏற்ற வேண்டும். கேஸ் லாரி மூன்று தரம் முன்னும் பின்னும் போய் ஏறியது. வெர்னா தோளுக்கு மேல் ஒரு தரம் திரும்பிப் பார்த்தாள். வேகனைச் சரிவில் விட்டு, லாரிக்கும் இரும்புச் சுவருக்கும் நடுவே இருந்த சந்தில், ஒரே மூச்சில், இரண்டு பக்கமும் ஒரு சாண் இடம் விட்டுச் செருகினாள். டியர் என்கிற படகுக்காரனுக்குக் கை காட்டவே வேலை இல்லை. சக்கரத்துக்குக் கட்டை வைத்துவிட்டு ஜன்னலில் குனிந்தான்.

"பாஸா, வெர்னா?"

"முதல்ல படகை எடு, டியர்," என்றாள்.

எஞ்சினை அணைத்தாள். சாவியை எடுத்து என் கையில் கொடுத்தாள். திங்கட்கிழமைக்கு.